ஹாட் டப் லீக் அடைச்சாச்சு, பிச்செடுத்த ஃபோமுக்குப் பதிலா என்ன வைக்கிறது?

பிப்ரவரி 6, ஆனைகட்டியில் இருந்து ஒரு வாசகர் கேட்டது

ஏனுங்கண்ணா, தோட்டத்து வீட்ல ஒரு ஹாட் டப், அதான் ஜெட்டுல சுடுதண்ணி பீச்சற தொட்டி, இருக்குதுங்க. அஞ்சு பேர் உக்கார்றது, 1,200 லிட்டர், அமெரிக்காவுல செஞ்சது. அடியில லீக். பிளம்பர் வந்து ஒரு பக்கம் பூரா, சூடு போகாம இருக்கக் குழாயைச் சுத்தி அடிச்சிருந்த ஃபோமைப் பிச்செடுத்துப்போட்டு ரெண்டு ஜாயிண்ட் மாத்திட்டுப் போயிட்டார். இப்ப அந்தப் பக்கம் வெறும் குழாயா நிக்குது. ஹார்டுவேர் கடையில விக்கிற ஸ்ப்ரே ஃபோம் டப்பா பத்துப் பன்னெண்டு வாங்கி அடிச்சு மூடிரலாம்னு இருக்கறேன். ஞாயித்துக்கிழமை விருந்தாளி வர்றாங்க. அது போதுமுங்களா?

பிப்ரவரி 6, இரவு

மூடாதீங்க தம்பி. ஃபோம் இல்லாம டப்பை ஓட்டினா கெட்டுப் போறது ஒண்ணும் இல்ல, கரண்ட் பில்லு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். விருந்தாளிங்க தாராளமா உக்காரட்டும். குழாய் தொங்காம மட்டும் பாத்துக்கோங்க. இத்தனை நாள் அந்த ஃபோம்தான் குழாயைத் தாங்கிட்டு இருந்தது. அதை எடுத்துட்டா மோட்டார் அதிர்ற அதிர்வு நேரா ஜாயிண்டுக்குப் போகும். கிளாம்ப் போட்டுக் கட்டைல பிடிச்சு வைங்க.

டப்பா ஃபோம் ஒத்தை மருந்து. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் கெட்டியாகும். ஒரு கதவுச் சந்தை அடைக்க நல்ல சாமான், குறை சொல்லல. ஒரு அடி ஆழக் குழிக்குள்ள மொத்தமா அடிச்சா மேல தோல் கட்டிரும், உள்ள ரொம்ப நாளைக்குப் பிசுபிசுன்னே கிடக்கும்.

பிப்ரவரி 7

நேத்து பதில் எழுதின நான் கோயமுத்தூர்ல பம்பு சர்வீஸ் பண்றவன். வால்பாறையில ஒரு கெஸ்ட் ஹவுஸ் டப்பைப் பல வருஷமா நான்தான் பாக்கறேன். அந்த அனுபவத்துல சொல்றேன்: ஃபோம் போடற சோலி கடைசி. அதுக்கு முன்னாடி லீக் நின்னுருச்சான்னு சந்தேகமே இல்லாமத் தெரியோணும். பிளம்பர் சொன்னா போதாது, நம்ம கண்ணு பாக்கோணும்.

மொதல்ல டப்பை நிரப்பி, மோட்டார் போடாம ஒரு நாள் முழுக்க விடுங்க. அப்புறம் மோட்டாரை ஓட்டிப் பாருங்க. மோட்டார் ஓடும்போது மட்டும் சொட்டினா டெலிவரி பக்கம், அதாவது மோட்டார் தண்ணியைத் தள்ளற பக்கம். நிறுத்தினப்புறம் மட்டும் சொட்டினா சக்ஷன், அதாவது தண்ணியை இழுக்கற பக்கம்னு சந்தேகப்படுங்க, ஓடும்போது அங்க வெளிக்காத்தை உள்ள இழுக்கும், ஜெட்டுல குமிழி குமிழியா வரும். கிணத்து மோட்டார் வச்சிருக்கிற எந்த விவசாயிக்கும் இது தெரிஞ்ச சங்கதிதான். அடுத்து 40 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி ஓட்டிட்டு, ஆற விட்டு மறுபடி பாருங்க. சூட்டுல விரிஞ்சு சில ஜாயிண்ட் ஒழுகும், சிலது ஆறிச் சுருங்கினாத்தான் ஒழுகும்.

எந்த ஜாயிண்டுன்னு தெரியலைன்னா நான் பண்றது இது. பனியன் வேஸ்ட்டுல வெள்ளைத் துணியாப் பாத்துப் பொறுக்கி, ஒவ்வொரு யூனியன், எல்போ, டீ மேலயும் ஒரு சுத்து இறுக்கிக் கட்டிருவேன். அடித்தட்டுல காஞ்ச கோலமாவை மெல்லிசாத் தூவிருவேன். காலைல போய்ப் பாத்தா எந்தத் துணி நனைஞ்சிருக்குது, மாவுல எங்க சொட்டு விழுந்து குழிஞ்சிருக்குதுன்னு ரெண்டும் சேர்ந்து சொல்லிரும். குழாய் மேல பனிச்ச தண்ணியும் லீக்கு மாதிரி ஏமாத்தும். அது துணி முழுக்க ஒரே சீராப் பரவும். லீக்குன்னா ஒரு ஓரத்துல இருந்து கோடு இழுக்கும்.

டப்போட ஓட்டுலயே, அதாவது தண்ணி நிக்கிற தொட்டியிலயே, ஜெட் வாஷர்கிட்ட சந்தேகம்னா மோட்டாரை நிறுத்தி, தண்ணி அசையாம நிக்கும்போது கொஞ்சம் கேசரி பவுடரைக் கரைச்சுச் சிரிஞ்சுல எடுத்து வாஷர் ஓரத்துல விடுங்க. ஒழுகற எடத்துக்கு நிறம் நூலா இழுக்கும். குளோரின் போடறதுக்கு முந்தியே பண்ணிருங்க, குளோரின் அந்த நிறத்தைத் தின்னுரும்.

இன்னொண்ணு. மோட்டாரை நிறுத்திட்டுத் தண்ணி தானா எறங்க விட்டா, எந்த மட்டத்துல நிக்குதோ அந்த மட்டத்துலதான் ஓட்டை. அங்க ஒரு டேப் ஒட்டி வைங்க.

பிப்ரவரி 7, சாயங்காலம்

எழுத விட்டது. பக்கப் பலகையைக் கழட்டும்போது பேனல்ல பிரேக்கரை இறக்கிட்டுக் கழட்டுங்க, டப்போட சுவிட்ச் மட்டும் போதாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதான் கரண்ட் கசிஞ்சா உடனே லைனை வெட்டற பிரேக்கர், இல்லாம எந்த டப்பையும் ஓட்டக் கூடாது. அது அடிக்கடி ட்ரிப் ஆனா ஆர்.சி.சி.பி. சரியில்லன்னு அதைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டற ஆளுங்களைப் பாத்திருக்கேன். நனைஞ்ச ஹீட்டர்தான் காரணமா இருக்கும். உள்ள மனுசங்க உக்கார்றாங்க.

பிப்ரவரி 9

ஈரோட்டுல இருந்து ஒருத்தர், மிச்சம் இருக்கிற பழைய ஃபோமைப் பெட்ரோல் ஊத்திக் கரைச்சிரலாம்னு எழுதியிருக்கார். தயவு பண்ணி யாரும் செய்ய வேண்டாம். பெட்ரோல்ல கரையறது தெர்மகோல். டப்புல இருக்கிறது பாலியூரித்தேன், ஒருதரம் கெட்டியானா பெட்ரோலுக்கும் கரையாது, அசிட்டோனுக்கும் கரையாது. அசிட்டோனும் தின்னரும் கரைக்கிறது டப்போட அக்ரிலிக் தொட்டியையும் பிவிசி குழாயையும்தான். பெட்ரோல் ஆவி ஒரு பொட்டிக்குள்ள அடைஞ்சு நிக்கும்போது மோட்டார் ரிலே ஒரு பொறி விட்டா போதும், வீடே போயிரும்.

கையாலதான் பிய்க்கோணும். மொண்ணைப் பட்டித் தகடு, விரல், பொறுமை. குழாயை நெருங்கறப்போ ரம்பமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஃபோமுக்குள்ள சுண்டு விரல் தண்டி காத்துக்குழாய் கொத்துக் கொத்தா ஓடும், அதை அறுத்துட்டா எங்க அறுந்ததுன்னு தேடறதுக்கு மிச்ச ஃபோமையும் பிய்க்க வேண்டி வரும்.

பிப்ரவரி 10

ஆனைகட்டித் தம்பி போட்டோ அனுப்பினார். பிளம்பர் லீக் இருந்த எடத்தை மட்டும் பிச்சிருக்கார். அதுக்கு ஓரத்துல நிக்கிற ஃபோம் கறுத்து மஞ்சளாக் கிடக்குது. அதைக் கையில பிடிச்சுப் பிழியுங்க தம்பி. தண்ணி சொட்டினா அதுவும் போகோணும். ஃபோம்ல தண்ணி கீழயும் போகும், பக்கத்துலயும் போகும். லீக் ஒரு எடம்னா ஈரம் நாலு எடம்.

ஈர ஃபோமை ஏன் விட்டு வைக்கக் கூடாதுன்னா, ஃபோமுக்குன்னு தனி மகிமை ஒண்ணும் கிடையாது, வேலை செய்யறது அதுக்குள்ள அடைபட்டிருக்கிற வாயு. அந்த எடத்துல தண்ணி ஏறிட்டா கதை மாறிப்போச்சு. நல்ல மூடுகண் ஃபோமோட (குமிழி ஒவ்வொண்ணும் தனித்தனியா மூடினது) வெப்பக் கடத்தல் 0.025 கிட்ட வரும், தண்ணியோடது 0.6. இருபது மடங்குக்கு மேல. நனைஞ்ச ஃபோம் சூட்டைத் தூக்கி வெளிய கொடுத்துட்டே இருக்கும், அதோட குழாய் கிளாம்ப், ஸ்க்ரூ எல்லாத்தையும் துரு பிடிக்க வைக்கும்.

கம்பெனியில அடிச்சு வர்ற ஃபோம் நெறைய டப்புல லேசான ரகம், கன மீட்டருக்கு 8 கிலோ கிட்ட. அது திறந்த கண். தண்ணி குடிக்கும். நம்ம சோலார் ஹீட்டர் டேங்குக்கு ஊத்தற பாலியூரித்தேன் ஃபோம், பஃப்னு சொல்றது, 32 கிலோவும் அதுக்கு மேலயும், கண்ணு மூடினது, அவ்வளவு சீக்கிரம் குடிக்காது. ரெண்டும் பாக்க ஒண்ணுதான். ஒரு துண்டை வெட்டித் தண்ணிக் குண்டாவுல ஒரு ராத்திரி அமுக்கி வச்சுக் காலைல தூக்கிப் பாருங்க, கனம் சொல்லிரும்.

பிப்ரவரி 12

நினைச்சது நடந்துருச்சு. பனியன் துணி கட்டினதுல புதுசா மாத்தின கப்ளிங்கே நனைஞ்சிருக்குதுன்னு தம்பி எழுதறார். போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். கப்ளிங்குக்கும் குழாய்க்கும் நடுவுல சொல்யூஷன் வரப்பு கட்டி நிக்குது.

இதை விவரமா எழுதறேன், ஏன்னா நம்ம ஊர்ல எல்லா இம்போர்ட் டப்புக்கும் இதே வம்பு. நம்ம தோட்டத்துல போடற பிவிசி குழாய் மில்லிமீட்டர் கணக்கு. ரெண்டு இஞ்சுன்னு கடையில கேட்டா 63 மில்லி தருவாங்க. அமெரிக்க டப்புல ரெண்டு இஞ்சுக் குழாயோட வெளி அளவு 60.3 மில்லி. 60.3 குழாயை 63 கப்ளிங்குல விட்டா லொடலொடன்னு போகும். அந்தச் சந்தைச் சொல்யூஷன் ஊத்தி நிரப்பிட்டா அன்னைக்கு நிக்கும். பிவிசி சொல்யூஷன் ஒட்டற பசை இல்லீங்க. ரெண்டு சுவத்தையும் மேலாக்க இளக்கி ஒண்ணாக்கறது அது. ரெண்டு சுவரும் ஒண்ணை ஒண்ணு இறுக்கித் தொட்டாத்தான் பிடிக்கும். சந்து இருந்தா அங்க நிக்கிறது காஞ்ச சொல்யூஷன் மட்டும்தான். 40 டிகிரி சூடும் மோட்டார் அதிர்வும் அதை உடைச்சிரும்.

கடையில ‘ஏஎஸ்டிஎம், ஷெட்யூல் 40’ இல்லாட்டி ‘ஷெட்யூல் 80’ன்னு கேளுங்க, அது அமெரிக்க அளவு. பாத்ரூம் லைனுக்குப் போடற யூபிவிசி ஃபிட்டிங்ல அந்த அளவு வருது. கோயமுத்தூர்ல கிடைக்கும். கையோட ஒரு வெர்னியர் கொண்டுட்டுப் போய் அளந்து வாங்குங்க. ஃபிட்டிங்குல குழாயைச் சொல்யூஷன் போடாமச் சொருகினா பாதி தூரம் போய் இறுகோணும். ஒட்டினப்புறம் குறைஞ்சது ஒரு நாள் காய விட்டுத் தண்ணி விடுங்க.

அன்னைக்கே டப்பா ஃபோம் அடிச்சிருந்தா இந்தக் கப்ளிங் உள்ள புதைஞ்சிருக்கும். இதுக்காகத்தான் அவ்வளவு அடிச்சுச் சொன்னேன்.

பிப்ரவரி 15

பொள்ளாச்சி அண்ணன் ஒருத்தர் கேக்கறார்: ‘எங்க ஊர்ல நார்க்கழிவு மலையாக் கிடக்குது, அதைக் காய வச்சு அடைச்சா என்ன?’ நல்ல கேள்விங்கண்ணா. காஞ்சதா இருந்தா நாரும் நார்க்கழிவும் சூட்டை நல்லாவே தடுக்கும், மறுக்கல. அதைக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பறதே தண்ணியை உறிஞ்சி வச்சிருந்து செடிக்குக் கொடுக்கத்தானுங்களே. டப்புக்கு அடியில அந்தக் குணம்தான் நமக்கு எதிரி. ஒரு சொட்டு லீக்கை மாசக்கணக்கா வெளிய தெரியாமக் குடிச்சு வச்சுக்கும். கண்ணாடிப் பஞ்சும் அப்படித்தான், நனைஞ்சா தொங்கிப் போயிரும்.

பக்கப் பலகைக்கு உள்புறம் வைக்க எக்ஸ்பிஎஸ் போர்டு நல்லது, தெர்மகோல் ஜாதியில கெட்டியான ரகம். நீலம், பிங்க் கலர்ல வரும், தண்ணி குடிக்காது, கத்தியில வெட்டலாம், வேணும்னா கழட்டலாம். 50 மில்லி போதும். கையில காசு குறைவுன்னா அடர்த்தியான தெர்மகோல் ஷீட்டை ரெண்டு பக்கமும் பாலிதீன் சுத்தி வைங்க.

பிப்ரவரி 18

ஃபோமை விட்டுக் கொஞ்சம் வெளிய போறேன். இந்த டப்பு பணக்காரன் சாமான், நமக்கெதுக்குன்னு ஒருத்தர் எழுதினார். ஜெட் வச்ச தொட்டிக்கே பேர் கொடுத்த ஜக்குசி குடும்பம் இத்தாலியில இருந்து கலிபோர்னியா போனவங்க. கிணத்துக்கு ஜெட் பம்பு செஞ்சு வித்த குடும்பம் அது. அந்த அண்ணன் தம்பிகள்ல ஒருத்தரோட சின்னப் பையனுக்கு மூட்டு முடக்குவாதம், ஆஸ்பத்திரியில தண்ணிச் சிகிச்சை கொடுத்துட்டு இருந்தாங்க. அதை வீட்லயே கொடுக்கத் தொட்டிக்குள்ள இறக்கற ஒரு பம்பு செஞ்சாங்க, 1956ல அது விற்பனைக்கு வந்தது. ஜெட்டைத் தொட்டியிலேயே பொருத்தினது 1968ல. கிணத்துப் பம்புக்காரன் புத்தி எங்க போய் நிக்குது பாருங்க. பீளமேட்டுப் பக்கம் பம்புப் பட்டறையில வளர்ந்தவனுக்கு இதைப் படிச்சப்போ நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வால்பாறையில நான் பாக்கற டப்புல உக்கார்ற பாதிப் பேர் முழங்கால் வலிக்காரங்கதான்.

மார்ச் 3

தம்பி டப்புல லீக் சுத்தமா நின்னுருச்சு. சூட்டுலயும் ஆறினப்புறமும் துணி எல்லாம் காய்ஞ்சு கிடக்குது. இப்பத்தான் ஃபோம் பேச்சு.

மழைக்கு முன்னாடி, மார்ச் ஏப்ரல்ல முடிச்சிருங்க. பஃப் ரெண்டு மருந்து, பாலியாலும் ஐசோசயனேட்டும். ஈரமான எடத்துல ஊத்தினா ஐசோசயனேட் தண்ணியோடயே சண்டை போட்டு வாயுவாப் போகும், ஃபோம் ஒட்டாது, பொரபொரன்னு வரும். அடித்தட்டையும் தொட்டியோட அடிப்பக்கத்தையும் ஃபேன் வச்சுக் காய விடுங்க.

மருந்தைச் சில்லறையா வாங்கறது கஷ்டம். கோயமுத்தூர்ல சோலார் வாட்டர் ஹீட்டர் டேங்கு செய்யற பட்டறை ஒண்ணுல சொன்னா அளந்து கொடுப்பாங்க, ஆளும் அனுப்புவாங்க. நான் அப்படித்தான் பண்ணினேன். கணக்கு இப்படி: 32 கிலோ அடர்த்தின்னா ஒரு கிலோ மருந்து சுமாரா 30 லிட்டர் எடத்தை அடைக்கும். பிச்ச குழியை அடி கணக்குல அளந்து லிட்டர் ஆக்குங்க, ஒரு கன அடி 28 லிட்டர். கொஞ்சம் வீணாப் போறதுக்கும் சேர்த்து வாங்குங்க.

ஊத்தும்போது பாக்கோணும் தம்பி, அழகா இருக்கும். பிளாஸ்டிக் பக்கெட்டுல ரெண்டையும் கொட்டி டிரில்லுல வேகமாக் கலக்கினா தேன் நெறத்துல சுத்தும், சில நொடியில வெளுத்துப் பால் நெறம் ஆகும். அந்த நொடி ஊத்திரோணும். அதுக்கப்புறம் பக்கெட்டுலயே எழும்பிரும். குழியில போய் மெல்ல உப்பி, குழாயைச் சுத்தி ஏறி, மேல தோல் கட்டி நிக்கும். தொட்டா சுடும்.

அந்தச் சூடுதான் ஆபத்து. ஒரே தடவையில குழி நிறைய ஊத்தினா நடுவுல வெந்து கருகிப் போகும், புகையும் வரும். உப்பற வேகத்துல குழாயை நகத்தும், பக்கப் பலகையைப் பிதுக்கும். ரெண்டு இஞ்சு உசரத்துக்கு ஊத்தி, ஆற விட்டு, அடுத்த ரெண்டு இஞ்சு.

கையுறை, கண்ணாடி, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். துணி மாஸ்க் உதவாது. ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஒருதரம் ஒத்துக்காமப் போச்சுன்னா பின்னால துளி வாசம் பட்டாலும் மூச்சு முட்டும். வீசிங் இருக்கிறவங்க அந்தப் பக்கமே வர வேண்டாம். வீட்ல குழந்தைங்க இருந்தா அன்னைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பி வைங்க.

மார்ச் 4

எங்கெல்லாம் ஊத்தக் கூடாதுன்னு தனியாவே சொல்றேன். மோட்டார், ஹீட்டர், கண்ட்ரோல் பொட்டி இருக்கிற அறைக்குள்ள ஒரு சொட்டும் போகக் கூடாது, மோட்டாருக்குக் காத்து வேணும். யூனியன், வால்வு, நாம மாத்தின ஜாயிண்ட், எதையும் மூடக் கூடாது. நான் ஊத்தறதுக்கு முன்னாடி குழாய் மேல பாலிதீன் ஷீட்டைச் சுத்தி விட்டுட்டு ஊத்துவேன். ஃபோம் குழாயில ஒட்டாது. நாளைக்கு வேற ஒரு பையன் வந்து பிரிக்கும்போது பாளம் பாளமாக் கையோட வரும்.

மார்ச் 5

‘கம்பெனியே முழுசா நிரப்பித்தானே அனுப்பறான், நீங்க எதுக்கு எடம் விடச் சொல்றீங்க’ன்னு சேலத்து வாசகர் கேக்கறார். கம்பெனிக்காரன் புது ஜாயிண்டைச் சோதிச்சு மூடறான், குழாயைத் தாங்கவும் அதுவே ஆகுது, அவனுக்கு அது சரி. நம்மகிட்ட இருக்கிறது பத்து வருஷம் வெந்த குழாய். ஒரு ஜாயிண்ட் போனா அடுத்தது பின்னாலயே வரும். அதனால நான் ஓட்டுக்கு அடியில ரெண்டு மூணு இஞ்சு மட்டும் பஃப், பக்கப் பலகைக்கு எக்ஸ்பிஎஸ், நடுவுல வெறும் காத்துன்னு விடறேன். அடைபட்ட காத்தும் நல்ல தடுப்புதான், காத்து புகுந்து ஓடாம ஓரத்தை அடைச்சா போதும். குழாய்க்குக் கிளாம்ப் கட்டாயம்.

மார்ச் 9

தம்பி, பலன் தெரியோணும்னா கரண்ட் பில்லுக்குக் காத்திருக்க வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு ஹீட்டரை அணைச்சு மூடியைப் போட்டு, காலைல 6 மணிக்கு டிகிரி பாருங்க. 1,200 லிட்டர் தண்ணி ஒரு டிகிரி இறங்கினா அதைத் திரும்ப ஏத்த 1.4 யூனிட் வேணும். ஃபோம் இல்லாதப்போ உங்களுக்கு 4 டிகிரி இறங்கினதா எழுதியிருந்தீங்க. இப்ப இரண்டரைங்கறீங்க. ராத்திரிக்கு ரெண்டு யூனிட் மிச்சம். வெளிய குளிர் ஒரே மாதிரி இருந்த நாளாப் பாத்து ஒப்பிடுங்க.

ஜூன் 22

வால்பாறையில மழை பிடிச்சுக்கிச்சு. போன வாரம் மேல போயிருந்தேன். மார்ச்சுல எழுதினதோட ரெண்டு சங்கதி சேக்கோணும்.

ஒண்ணு, அடித்தட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவுல ஒரு இஞ்சு சந்து விட்டு, ஒரு மூலையில தண்ணி வெளிய போக ஓட்டை வைங்க. அதுக்கு எலி வராத கம்பி வலை அடிங்க. நான் போனப்போ எக்ஸ்பிஎஸ் போர்டுக்குள்ள எறும்பு புத்து வச்சிருந்தது, தூள் தூளாக் கொட்டிக் கிடந்தது. தண்ணிக்குப் பயப்படாத போர்டு எறும்புக்குப் பயப்படும். ஓரங்களை அலுமினிய டேப்பு ஒட்டி மூடினேன்.

ரெண்டு, மூடி. ஆனைகட்டித் தம்பி இப்ப மறுபடி மூணு டிகிரிக்கு மேல இறங்குதுங்கறார். ஃபோமைச் சந்தேகப்படாதீங்க. மூடியைத் தூக்கிப் பாருங்க, முன்ன ஒத்தை ஆளாத் தூக்கினது இப்ப ரெண்டு பேரைக் கேக்குதான்னு. அதுக்குள்ளயும் தெர்மகோல்தான், அதுவும் ஆவியிலேயே வருஷம் பூரா வேகுது. சூடு பெரும்பகுதி மேல் வழியாத்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் போனா முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாச் சூட்டையும் கூட எடுத்துட்டுப் போகுது. உறையோட ஜிப்பைத் திறந்து தெர்மகோலைச் சுத்தின பாலிதீன் கிழிஞ்சிருக்குதான்னு பாருங்க. கிழிஞ்சு உள்ள தண்ணி ஏறியிருந்தா வெயில்ல வச்சுக் காய வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. உறை நல்லா இருந்தா அதே அளவுக்கு அடர்த்தியான தெர்மகோல் வெட்டி, புது பாலிதீன் ரெண்டு சுத்துச் சுத்தி உள்ள விட்டுத் தைங்க. நடு மடிப்புல சந்து விழுந்து ஆவி வருதான்னும் பாருங்க. அங்க வந்தா மடிப்புக்கு அடியில ஒரு ஃபோம் பட்டை வச்சுத் தைக்கச் சொல்லுங்க, கார் சீட்டுத் தைக்கிற கடையில செஞ்சு கொடுப்பாங்க.